உள்ளூர்க் கட்டணம்

இரட்டைப் பிள்ளைகளில் முதலில் பிறந்தது அவள். அடுத்தவன் வருவதற்குள் தாதி கைகூடக் கழுவி முடிக்கவில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சொற்ப நேரத்தை வைத்து வீட்டில் அவளுக்கு மூத்தவள் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். பட்டத்தோடு பொறுப்பும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலோர இருக்கை தம்பிக்கு, தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு தம்பிக்கு, "நீதானே மூத்தவ, விட்டுக் குடு" என்ற பேச்சு மட்டும் அவளுக்கு. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தம்பி நல்லவன். வாங்கிக்கொண்டதில் பாதியை யாரும் பார்க்காதபோது திருப்பிக் கொடுத்துவிடுவான்.

ஐந்து வயதில் இருவரும் இந்த நாட்டுக்கு வந்தார்கள். அப்பா குளிர்சாதன லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். அம்மா துணி திருத்தும் கடையில் மற்றவர்களின் பேண்ட்டுக்கு ஓரம் மடித்து, அறுந்த ஜிப்பை மாற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு அறை வீடு. கீழே சலவைக்கடை. அங்கே பெரிய இயந்திரம் வேகம் பிடித்துச் சுற்றும்போது மேலே சாப்பாட்டு மேசையில் இருக்கும் தம்ளர் தானாக நகரும். அந்த மேசையில் உட்கார்ந்துதான் இருவரும் படித்தார்கள். மூத்தவளுக்குத் தம்பியைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். தம்பிக்கு அதில் பெருமைதான். "மூளையையும் அவதான் முதல்ல எடுத்துக்கிட்டு வெளிய வந்துட்டா" என்பான்.

பல்கலைக்கழக முடிவு ஒரே காலையில் இருவருக்கும் வந்தது. அவளுக்கு மருந்தியல், அவனுக்கு இயந்திரப் பொறியியல், ஒரே பல்கலைக்கழகம். அப்பா அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். அவர் விடுப்புப் போட்டு அவர்கள் பார்த்ததே இல்லை. இரண்டு போன்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டண விவரத்தைத் திறந்தார்கள். தம்பியின் திரையில் ஒரு தொகை. அவள் திரையில் அதைப்போல நாலு மடங்கு. மேலே சின்ன எழுத்தில், அவனுக்கு 'உள்ளூர் மாணவர்', அவளுக்கு 'வெளிநாட்டு மாணவர்'.

தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, நீ எப்ப வெளிநாடு ஆனே?"

அவளும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "தப்பா விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வெகுநேரம் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் தனியாகப் பல்கலைக்கழகக் கட்டணப் பிரிவுக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அலுவலர் நடுவயதுப் பெண், இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே பேசினார். எரிந்து விழுகிற ஆள் இல்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நான் இங்கதான் வளர்ந்தேன் மேடம். ஒண்ணாம் வகுப்புலேருந்து இங்கதான்."

"உங்க பேச்சைக் கேட்டாலே தெரியுதும்மா. ஆனா பேச்சை வச்சு நாங்க முடிவு பண்றதில்ல. படிப்பு தொடங்கறதுக்கு முன்னாடி மூணு வருஷம் தொடர்ந்து இங்க குடியிருந்திருக்கணும். நீங்க இந்த நாட்டுக்கு வந்ததே போன வருஷம்னு இருக்கே."

"அது திரும்பி வந்தது மேடம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். பத்து மாசம் ஆயிடுச்சு."

"அம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"இல்லை."

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, விதியில் இதற்கு இடம் இருக்கிறது என்று விளக்கினார். குடும்பம் இங்கேயே இருக்க, நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தற்காலிகமாகப் போயிருந்தால் அந்தக் காலத்தை அவர்கள் முறிவாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு அப்பா ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"போனது தற்காலிகம், திரும்பி வரத்தான் போனாங்கன்னு எழுதட்டும். நாங்க அதைக் குடியேற்றத் துறைக்கு அனுப்பி ஒத்துப் பார்ப்போம், அவ்வளவுதான். உண்மையா இருந்தா சிக்கலே இல்ல. சேர்க்கை மூடறதுக்குள்ள கொண்டுவாங்க."

பேருந்தில் திரும்பி வரும்போது அவளுக்கு உடம்பில் கனமே இல்லாத மாதிரி இருந்தது. தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: 'உள்நாடு ஆகப் போறேன்.' பார்த்துவிட்டான் என்று காட்டியது. பதில் வரவில்லை.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது பிள்ளைகளுக்குப் பதினாறு வயது. இங்கே அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பெயர் பதிந்து வரிசையில் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு அந்த வரிசையில் நம்பிக்கை இல்லை. ஊரில் அம்மாவின் அண்ணன் இருக்கிறார், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, உடனே செய்துவிடுவார்கள், போய்க் குணமாகி வா என்றார். அம்மாவுக்குப் போக விருப்பமில்லை. கடைசியில் தலையாட்டினாள். துணைக்கு யார் என்ற பேச்சு வந்ததும், வாயைத் திறக்குமுன்பே மூத்தவள் என்று ஆகிவிட்டது. போவதற்கு மட்டும்தான் அப்பா டிக்கெட் எடுத்தார். என்றைக்குத் திரும்புவோம் என்று தெரியாதே என்றார்.

அங்கே உடனே எதுவும் நடக்கவில்லை. மாமா வீட்டுப் பின்னறையில் அம்மா படுத்தாள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு வாரம், ஒவ்வொரு முடிவுக்கும் இன்னொரு வாரம் என்று இழுத்தது. வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர் அப்படியே மூடிவிட்டார். அதற்குப் பிறகு மூத்தவள்தான் எல்லாம். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள், துடைத்தாள், மலம் எடுத்தாள், அம்மா கண்ணயரும் நேரத்தில் தம்பி படமெடுத்து அனுப்பிய பாடங்களைப் படித்தாள். அப்பா வாரம் ஒருமுறை போனில் வந்தார். எப்போ வர்றீங்க என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்டாள். பட்டறையில் லீவு கிடைக்கவில்லை என்று அவர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அம்மா போன பிறகு காரியத்தையும் போனில்தான் பார்த்தார். பட்டறை உடையோடு, தலையைக் குனிந்துகொண்டு.

அவள் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அதிகாரி, "முதல் தடவையா வர்றீங்களா?" என்று கேட்டார். இல்லை, இது என் ஊர் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், முத்திரை குத்திவிட்டுக் கொடுத்துவிட்டார். அப்போது அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. தூக்கம் இல்லாத களைப்பு.

இப்போது அந்த ஒரு பக்கத்துக்காக அவள் அப்பாவின் பின்னால் அலைந்தாள். முதல் நாள் கையெல்லாம் கரி, அப்புறம் பார்க்கலாம் என்றார். மறுநாள் கண் எரிகிறது என்றார். அதற்கு அடுத்த நாள் அவள் தானே எழுதிக்கொண்டு வந்து பேனாவைத் திறந்து நீட்டினாள். "நான் என்ன ஓடியா போயிடப் போறேன்?" என்று எரிச்சலோடு எழுந்து போனார். தம்பியோ வீட்டிலேயே தங்குவதில்லை. நண்பன் வீடு, நூலகம் என்று ஏதாவது காரணம் சொல்லிவிட்டு நழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை வந்தாள்.

அப்பாவின் அக்கா அவள். இந்த நாட்டுக்கு முதலில் வந்து கால் ஊன்றியவள். குடியேற்ற வழக்குகளை எடுத்து நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் தட்டச்சு வேலையில் இருந்தாள். அதனால் வீட்டுக்குச் சட்ட அமைச்சர் அவள்தான். எதையும் உட்கார்ந்து பேசமாட்டாள். நின்றபடி, கையில் கிடைத்த துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே பேசுவாள். அன்றைக்கும் மேசையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இந்தக் கையெழுத்துப் பேச்சை இதோட விட்டுடு."

"ஏன் அத்தை? நடந்ததைத்தானே எழுதப் போறாரு."

"நடந்ததாவது? குடியேற்ற ஆபீசுல என்ன சொல்லி வச்சிருக்கோமோ, அதுதான் நடந்தது."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மூத்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத்தை, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அத்தை புரிகிற மாதிரியே சொன்னாள். அலுவலகத்தில் வந்தவர்களுக்கு விளக்கி விளக்கிப் பழகிய குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"உங்கப்பன் நிரந்தர விசாவுக்குப் போட்டான். தலைக்கு இவ்வளவுன்னு வருமானம் காட்டணும். அவன் சம்பளத்துல நாலு தலை தேறாது, ரெண்டு தலைதான் தேறும். அந்த நாலு பேர்ல ஒருத்திக்கு வயித்துல கட்டி. அரசாங்கத்துக்குச் செலவு வைக்கிற நோயாளி இருந்தா கேஸை இழுத்தே கொன்னுடுவாங்க. அதனால, பொண்டாட்டியும் பொண்ணும் ஒரேயடியா ஊருக்குப் போயிட்டாங்க, இனிமே வரமாட்டாங்கன்னு சொல்லிப் போட்டோம். கிடைச்சுது. அப்புறம் உன்னைப் புதுசா வரவழைச்சோம். உன்னை நடுத்தெருவுலயா விட்டுட்டோம்?"

"எப்ப சொன்னீங்க?"

"நீங்க போன வாரமே."

"அப்ப நாங்க போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்க."

"முடிவு பண்ணாம யாராவது டிக்கெட் எடுப்பாங்களா?"

கீழே சலவை இயந்திரம் சுற்ற ஆரம்பித்தது. அத்தை நகரத் தொடங்கிய தம்ளரை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"இப்பப் போய் உங்கப்பன், அது தற்காலிகம்தான்னு எழுதிக் குடுத்தா என்ன ஆகும்? அன்னைக்குச் சொன்னது பொய்னு ஆகும். அவன் விசாவும் போகும், தம்பி விசாவும் போகும். அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற உன்னோடதும் போகும். மூணு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நல்லா யோசி. இன்னும் ரெண்டு வருஷம் போனா உனக்கே மூணு வருஷம் நிறைஞ்சுடும். அப்பப் படிக்கலாம், என்ன அவசரம்? அதுவரைக்கும் ரொட்டித் தொழிற்சாலையில பேக்கிங் வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். உக்காந்து செய்யற வேலை. அந்தச் சம்பளம் தம்பியோட படிப்புச் செலவுக்கும் ஆகும்."

மூத்தவள் அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்." அவர் திரும்பாமலே சொன்னார். "அவதான் சொன்னா. பிள்ளைங்களாவது இங்க நிலைக்கட்டும், நான் போறேன்னு அவளே சொன்னா."

அம்மா சொன்னது எல்லாம் அவளுக்குத் தெரியும். பத்து மாதம் அம்மாவின் வாயருகே காதை வைத்துக்கொண்டு இருந்தவள் அவள்தான். கடைசி வாரத்தில், தண்ணீர்கூட இறங்காத நாளில், அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணு. என் முறையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு" என்றாள். மூத்தவள் வெளியே போய்ப் பேசுவதுபோலப் பேசிவிட்டு வந்து, வச்சிருக்காங்களாம், அம்மா என்றாள். அம்மாவின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை அவள் அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

இதை அவள் அப்பாவிடம் சொன்னாள். அழாமல், ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

அப்பா கேட்டார். ஜன்னல் கம்பியில் படிந்திருந்த தூசியை விரலால் தேய்த்தார். பிறகு, "நோயாளி எதையாவது உளறுவா" என்றார்.

அத்தைகூட ஒருகணம் துடைப்பதை நிறுத்தினாள்.

மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். தம்பி எங்கேயும் போயிருக்கவில்லை. சலவைக்கடைக்குள், யாருடைய துணியோ சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

அவன் தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்ப வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"நீங்க போய்ச் சில மாசம் கழிச்சு என்னைக் குடியேற்ற ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றான்.

"என்ன கேட்டாங்க?"

"அம்மாவும் அக்காவும் எங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"அத்தை சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன்."

"அதான், என்ன சொன்னே?"

"அவங்க போயிட்டாங்க, இனிமே வரமாட்டாங்க, நானும் அப்பாவும் மட்டும்தான்னு." அவன் குரல் உடைந்தது. "அந்த ஆபீசர் நல்லவரு அக்கா. கஷ்டமா இருக்கான்னு கேட்டாரு. ஆமாம்னேன். அது மட்டும் அத்தை சொல்லிக் குடுக்கல."

ஒவ்வொரு பாடத்தையும் அவன் ஏன் அத்தனை பொறுப்பாகப் படமெடுத்து அனுப்பினான், கடினமான கணக்குகளை ஏன் இரண்டு முறை போட்டுக் காட்டினான் என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அன்பு என்று நினைத்திருந்தாள். அன்பும்தான்.

"நான் முடிச்சுட்டு வேலைக்குப் போனதும் உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்றான். "சத்தியமா. முழுசும் நான் கட்டறேன்."

செய்வான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. இவன் படித்து முடிக்கும் வரைக்கும் அவள் ரொட்டியை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் இந்த இடம் வேறு யாருக்கோ போயிருக்கும். அவன் வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு ஏதாவது வரும், வீட்டுக்கு ஏதாவது வரும், இந்த வருஷம் வேண்டாம் அடுத்த வருஷம் என்று ஆகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யமாட்டார்கள். இதுவரைக்கும்கூட யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லையே.

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்ப ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது அவள் முன்னால் போய் நின்றாள். தம்பி பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"அப்பா, வெள்ளிக்கிழமை கட்டணப் பிரிவுக்குப் போறேன். ஒண்ணு, முழுக் கட்டணத்தைக் கட்டுவேன். இல்லன்னா, நடந்ததைச் சொல்லுவேன். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "உனக்குப் பைத்தியமா? நாலு மடங்குக்கு நான் எங்க போவேன்?"

"கொஞ்சம் வச்சிருக்கீங்க. தம்பிக்குன்னு சேர்த்தது. மீதிக்கு முதலாளிகிட்டக் கேளுங்க, அவருக்கு உங்களை விட்டா ஆள் இல்ல."

"அவன் படிப்பு?"

"அவன் நிக்கட்டும்."

தம்பி வாயில் நுரையோடு குளியலறை வாசலில் நின்றான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சொன்னா உன்னையும் சேர்த்துத்தான் அனுப்புவாங்க" என்றார் அப்பா. "அத்தை சொன்னது கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு. எனக்கு அங்க இருந்து பழக்கம். உங்களுக்குத்தான் கஷ்டம்."

"உங்கம்மா இருந்திருந்தா இப்படி ஒரு பேச்சு உன் வாயிலேருந்து வருமா?"

"அம்மா இருந்திருந்தா நான் எதுக்குப்பா பேசறேன்?"

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை நின்றுவிட்டது. அடித்தால்கூடப் போய்ச் சொல்லிவிடுவாளோ என்று அவர் யோசித்ததை அவள் கண்ணெதிரே பார்த்தாள். தன் அப்பா தன்னைக் கண்டு பயப்படுவதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தாள். அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததை நினைத்து அன்று முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பின்வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பணம் இருந்தது. எங்கே வாங்கினார், என்ன சொல்லி வாங்கினார் என்று அவள் கேட்கவில்லை.

கட்டணப் பிரிவில் அதே அலுவலர். அவளை அடையாளம் கண்டுகொண்டு, கையை நீட்டினார். "அப்பா எழுதிக் கொடுத்தாரா?"

"இல்லை மேடம். நான் அன்னைக்கு மாத்திச் சொல்லிட்டேன்." என்றாள். "நானும் அம்மாவும் ஒரேயடியாத்தான் போனோம். திரும்பி வர்ற எண்ணத்துல போகல. முழுக் கட்டணம் கட்டிடறேன்."

அலுவலர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேரைப் பார்த்தவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? இப்ப வெளிநாட்டு மாணவரா சேர்ந்தா முடியற வரைக்கும் அப்படித்தான். நடுவுல மூணு வருஷம் நிறைஞ்சாலும் மாத்தமாட்டோம்."

"யோசிச்சுட்டேன்."

பணம் போயிற்று. ரசீதைக் கையில் வாங்கியபோது, வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு என்ற குரலைத் தானே கழுத்தைப் பிடித்து நெரித்துவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது. அவளை அதுவரை அம்மா விஷயத்தில் பொய் சொல்ல வைத்தது பரிதாபம் மட்டும்தான்.

வெளியே வரும்போது பக்கத்து வரிசையில் தம்பி நின்றிருந்தான். இடத்தை விட்டுக்கொடுப்பவர்களும் அதே கட்டடத்துக்குத்தான் வரவேண்டியிருந்தது. அவனுக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். அவளைப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்றான். "முடிஞ்சுது" என்றாள். "நீ போ, எனக்கு நேரமாகும்" என்றான்.

ரொட்டித் தொழிற்சாலையில் அத்தை சொல்லி வைத்திருந்த வேலைக்கு அவன்தான் போனான். உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. மாவு மூட்டை தூக்குகிற வேலை. விடியலில் போய் மதியம் வருவான், புருவத்தில் மாவோடு. அவள் அந்த நேரத்துக்கு வகுப்பில் இருப்பாள். அப்பா பட்டறை முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், இரும்புக் கதவு செய்கிற இன்னொரு இடத்துக்குப் போனார். அத்தை அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டாள். பாம்புக்குப் பால் வார்த்தோம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்தாள்.

வீட்டில் சண்டை இல்லை. பேச்சே இல்லை என்பதுதான் சரி. பருவத்துக்குப் பருவம் கட்டணத் தேதி நெருங்கும்போது அப்பா பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். அவள் எடுத்துக்கொள்வாள். நன்றி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நீ கேட்டது கிடைச்சுதுல்ல" என்றார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

தம்பி ஒருநாளும் அவளைக் குத்திப் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தேர்வு சமயத்தில் சமையலை அவனே பார்த்துக்கொள்வான். அவளுடைய பாடப்புத்தகத்தைப் புரட்டி, "இதெல்லாம் உன் தலைக்குள்ள நிக்குதா?" என்று கேட்பான். ஒருமுறை அவள், "நீயும் ஏன் என்கிட்டக் கத்தமாட்டேங்கறே?" என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கத்தினா நீ பதிலுக்கு ஒண்ணு சொல்லுவே. அதைக் கேக்க எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

கடைசி வருஷத்தில் அப்பாவின் கண் கெட்டது. வெல்டிங் பொறி பறக்கிற மாதிரி எப்போதும் தெரிகிறது என்றார். பிறகு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இரண்டாகத் தெரிகிறவர் கையில் யார் தீயைக் கொடுப்பார்கள்? பட்டறையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசிப் பருவத்துக் கட்டணம் தம்பியின் சம்பளத்திலிருந்து வந்தது. அவள் அதையும் வாங்கிக் கட்டினாள்.

பட்டம் வாங்கினாள். வேறொரு நகரத்தில் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை கிடைத்தது. போகும்போது அப்பாவுக்குச் சொட்டு மருந்து வாங்கி, எத்தனை வேளை என்று பெரிய எழுத்தில் ஒட்டி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவர் போட்டுக்கொள்கிறார் என்று தம்பி சொன்னான்.

அடுத்த வருஷம், ஒரு மதியம், மருந்தகத்தில் அவள் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். அவன் குரலில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு துள்ளல் இருந்தது.

"அக்கா, மறுபடியும் எழுதிப் போட்டிருந்தேன். இடம் கிடைச்சுடுச்சு. அதே படிப்பு."

"எப்படா போட்டே? சொல்லவே இல்ல."

"கிடைக்காட்டி அசிங்கம்னு சொல்லல." சற்று நிறுத்தினான். "முதல் தவணைக்குத்தான் கொஞ்சம் இடிக்குது. உள்ளூர்க் கட்டணம்தான், ரொம்ப இல்ல. நீ குடுத்தா மெதுவாத் திருப்பிடுவேன்."

அவளிடம் பணம் இருந்தது. வங்கியில் சும்மா கிடந்தது. கொடுக்கக்கூடாது என்று நினைத்ததும் இல்லை. ஆனால் ஆபீசர் நல்லவரு அக்கா, கஷ்டமா இருக்கான்னு கேட்டாரு என்ற அந்தக் குரல் எங்கிருந்தோ ஏறி வந்தது. அவன் அதைச் சொன்ன நாள் மாலையில்தான் அவள் அம்மாவுக்குக் கஞ்சியை ஊட்ட முயன்று, அது கழுத்தில் வழிந்து, அம்மா மன்னிப்புக் கேட்டிருப்பாள். ஏதோ ஒரு மாலை. எல்லா மாலையும் அப்படித்தான் இருந்தது.

"இப்ப முடியாதுடா" என்றாள்.

"சரிக்கா" என்றான் உடனே. "பரவாயில்ல. நான் பாத்துக்கறேன். அப்பா உன்னைக் கேட்டாரு."

பொய். அப்பா கேட்டிருக்கமாட்டார்.

பத்துப் பதினைந்து நாள் அவள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள். ஒரு நோயாளிக்கு மருந்தின் அளவைத் தப்பாகச் சொல்லப் போய், கடைசி நொடியில் திருத்தினாள். அன்றைக்கு மதிய உணவு நேரத்தில் போனை எடுத்து, தவணைக்கு மட்டும் அல்ல, ஒரு வருஷத்துக்கே போதுமான பணத்தைத் தம்பிக்கு அனுப்பினாள். அனுப்பியதும் அழுதாள். அம்மா போனபோதுகூட அப்படி அழுததில்லை.

மாலைக்குள் பணம் அப்படியே திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு செய்தி: 'தேதி முடிஞ்சுடுச்சு அக்கா. நீ வச்சுக்கோ.'

கூப்பிட்டாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சலோடு எடுத்தான். அடுத்த வருஷம் போடலாம், நானே எல்லாம் கட்டுகிறேன் என்றாள். ம் என்றான். புதிதாக ஒரு மாவு பிசையும் இயந்திரம் வந்திருக்கிறது, முதுகுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றான். மேற்பார்வையாளர் ஆக்குவதாகப் பேச்சு இருக்கிறது என்றான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.

அவன் அதற்குப் பிறகு எங்கும் விண்ணப்பிக்கவில்லை.